சங்குமார்க் பகவதிப்பெருமாள்

பழவங்காடி கணபதி கோயில் முக்கில் நின்று ‘சங்குமார்க் கடை எங்கே’ என்று கேட்டால், தேங்காய் உடைக்க வந்தவன்கூடக் கை நீட்டி வழி காட்டுவான். அப்படிப் பெயர் எடுத்த மனுஷன் பகவதிப்பெருமாள். பெயர் என்ன சும்மா வருமா? பூதப்பாண்டிப் பக்கத்தில் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தார். இவர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையில் டின் தூக்கினார். தூக்கின டின்னையெல்லாம் மோந்து பார்த்தார். கண்ணைக் கட்டிவிட்டு மூக்கடியில் ஒரு பஞ்சை நீட்டினால் போதும், இது தின்னர், இது டர்பன்டைன், இது மண்ணெண்ணெய் கலந்த சரக்கு, கலந்தவன் இன்ன கடைக்காரன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவன் கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் இவர் சரக்குக்கு விலை பேசி முடித்திருப்பார்.

அந்த மூக்கை வைத்தே தனிக்கடை போட்டார், மணக்காட்டில் வீடு கட்டினார், மகன் உமாசங்கரை இன்ஜினியர் ஆக்கிக் கழக்கூட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினார். வங்கிக்காரன் அவருக்காக எழுந்து நிற்கிறதில்லை என்றாலும், உட்காரச் சொல்லுவான். பூதப்பாண்டியில் அவரோடு படித்து முடித்தவர்களில் அந்த அளவுக்குக்கூட எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?

அவரைத் தூக்கிவிட்ட சரக்கு ஒன்றுதான். சங்குமார்க் வாஷ். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். பழந்துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் எத்தனை வருஷத்துக் கிரீஸும் கழன்று வரும். வாயால் ஊதுகிறதற்குள் காய்ந்துவிடும். அச்சாபீஸ் ரோலர் துடைக்கிறவர்கள், கழக்கூட்டத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள், விழிஞ்ஞத்தில் படகு இன்ஜினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்குகள் எல்லாரும் வேறு எதையும் கையால் தொடமாட்டார்கள்.

“அண்ணாச்சி, இதில என்ன சேர்க்குது?” என்று விழிஞ்ஞத்து மெக்கானிக் அஜீஷ் வரும்போதெல்லாம் கேட்பான்.

“என் கைக்கூட்டுலே அது. ஒனக்குச் சொல்லிட்டா நாளைக்கு நீ கடல்ல கிடக்க வேண்டாம், கடை போட்டிருவ” என்பார் பகவதிப்பெருமாள்.

கைக்கூட்டு என்று சொன்னது முதலில் ஒரு பேச்சுக்குத்தான். பிறகு பாட்டிலில் ஒட்டுகிற சீட்டிலேயே அச்சடித்தார். பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார், வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னார். சொல்லச் சொல்ல, அது அப்படித்தான் என்று அவருக்கே பாதி தோன்றிவிட்டது. உண்மை என்னவென்றால் சரக்கு மார்த்தாண்டத்து ராஜையனிடமிருந்து பீப்பாயில் வரும். இவர் பாட்டிலில் ஊற்றி சங்குப் படம் ஒட்டுவார். அவ்வளவுதான் கூட்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பீப்பாய் வந்து இறங்கியதும், டீ குடிக்கிறதற்கு முன்னாலேயே, அதன் மேல் ஒட்டியிருக்கிற லேபிளின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்த வேண்டும். ஊறினபிறகு கொட்டாங்கச்சியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்க வருகிறவன் கண்ணில் பட்டு, அடுத்த மாதம் நேராகக் கம்பெனிக்கே போன் போட்டுவிடுவான். இடையில் நிற்கிறவன் பிழைப்பதே அந்த லேபிள் கிழிகிறதில்தான். தப்பு என்று சொல்கிறவன் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கட்டும். ராஜையன் பீப்பாய்களில் பகவதிப்பெருமாளுக்கு அந்த வேலையும் இருந்ததில்லை. அவை மொட்டையாகவேதான் வரும்.

பாட்டிலில் ஊற்றுகிறது வீட்டில். பின்பக்கத்து அறையில் அவர் சம்சாரம் உலகம்மை பலகை போட்டு உட்கார்ந்து, பீப்பாய்க் குழாயைத் திறந்து நிறைப்பாள், மூடி திருகுவாள், வெளியே வழிந்ததைத் துணியால் ஒற்றிக் கையையும் அதிலேயே துடைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் தொடங்கின வேலை. அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். இரண்டையும் சாத்திக்கொள்ளச் சொன்னவர் பகவதிப்பெருமாள்தான். தெருவில் இன்னொரு வியாபாரி குடியிருந்தான். வாடை வெளியே போனால் கூட்டும் வெளியே போய்விடும் என்றார். தன் மூக்கைப் போலத்தான் ஊரான் மூக்கும் என்று நினைத்துவிட்டார். உலகம்மை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைக் கிழித்துச் செருகினாள். வேலைக்காரி அந்த அறைக்குள் கூட்டப் போனாலும் விடமாட்டாள். தன் புருஷனின் மூளை அந்தப் பீப்பாய்க்குள் இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

அவள் காலில் முதலில் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு மரத்துப்போனது. ஒரு நாள் சாலைக் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வந்தாள். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த உமாசங்கர், “அம்மா, ஒரு செருப்பு எவிடே?” என்றான். அவள் குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை. உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். உள்ளங்கால் கொப்புளம் கண்டிருந்தது. வலிக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் உமாசங்கரைப் பயமுறுத்தியது.

சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். சர்க்கரை இல்லை. வைட்டமின் குறைவு என்று ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. மூடி திருகும்போது விரல் வழுக்க ஆரம்பித்தது. கடைசியில் நரம்பு டாக்டர் ஹரிகுமாரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் உலகம்மையின் காலிலும் கையிலும் ஒயரை ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார். நீள நரம்பெல்லாம் நுனியிலிருந்து கெட்டு வருகிறது, இது தானாக வருகிற மாதிரி தெரியவில்லை என்றார். அம்மா வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள், கையில் ஏதாவது மருந்து, பசை, எண்ணெய் படுகிறதா என்று கேட்டார்.

உலகம்மை புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பெருமைதான். அவர் சொல்லட்டும், அவர் தொழில் அல்லவா.

பகவதிப்பெருமாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் டாக்டர், ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் சம்சாரம். “என் கைக்கூட்டுதான் சாரே. பைன் எண்ணெய், எலுமிச்சைச் சத்து. தீங்கு ஒண்ணும் கிடையாது” என்றார்.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்படியானால் அதுவாக இருக்காது என்று வேறு ரத்த டெஸ்டுகளுக்குச் சீட்டு கொடுத்தார். வழி திறந்து நின்ற ஒரே கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு, பகவதிப்பெருமாள் அந்தச் சீட்டுகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் திவ்யலட்சுமி கடைக்கு வந்தாள். கரமனை அக்ரகாரத்துப் பெண், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். நாட்டில் புழங்குகிற தொழில் ரசாயனங்களையெல்லாம் ஒரே இருப்புப் பட்டியலில் கொண்டு வர வேண்டும், அதற்கு மாதிரிக்காக முதலில் சில ஊர்களில் கேட்டு எழுதுகிறார்கள், இப்போதைக்குக் கட்டாயம் இல்லை, நாளைக்குச் சட்டம் வந்தால் கட்டாயமாகும் என்று சங்கத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு ஆபீஸ் அமர்த்தியிருந்த ஆள் அவள். சங்கத்துப் பெரிய மனுஷர் என்று பகவதிப்பெருமாளிடம் முதலில் வந்தாள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்தது. கடையைச் சுற்றிக் காட்டினார், மூக்கைப் பற்றிச் சொன்னார், எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்தார். பிறகு, ஊரில் ஆயிரம் சரக்கு இருக்கிறது, அதையெல்லாம் எழுதி வைத்து என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. “ரேஷன் கார்டுல பேர் இல்லாதவாளுக்கு அரிசியும் கெடைக்காது, அவா செத்தாலும் தெரியாது. அப்படித்தான் மாமா இதுவும்” என்றாள்.

பிறகு விளக்கினாள். நாட்டுக்குள்ளே எந்த ரசாயனம் இருக்கிறது, யார் செய்கிறார், யார் வெளியிலிருந்து கொண்டுவருகிறார், எவ்வளவு, எந்த வேலைக்கு என்று தெரிந்தால்தானே எதை முதலில் சோதிக்கலாம், எதற்கு அளவு வைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று யோசிக்க முடியும்? ஒரே சரக்குக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. அதனால் பெயரை நம்பாமல் உலகம் பூராவும் செல்லுகிற ஒரு நம்பரைக் கேட்கிறார்கள். ஒரு கடையில் இரண்டு பீப்பாய் என்றால் பெரிதாகத் தெரியாது. அதே நம்பர் நூறு கடையிலிருந்து வந்தால்தான், ஓஹோ இவ்வளவு ஓடுகிறதா என்று மேலே இருக்கிறவர்களுக்குக் கண் திறக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் செருப்பு ஒட்டுகிறவர்கள் சிலருக்குக் கை கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் ஆயிற்று, பசையில் என்ன இருந்தது என்று கடைக்காரனுக்கும் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்காரனுக்கும் தெரியவில்லை. பெயர் கண்டுபிடிக்கிறதற்குள் நரம்பு போய்விட்டது என்றும் சொன்னாள்.

பகவதிப்பெருமாள் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. சங்குமார்க் வாஷை எந்த வரியில் எழுத வேண்டும் என்று கேட்டாள். அவரே செய்கிறதாக இருந்தால் உள்ளே என்னென்ன எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தொழில் ரகசியம் என்று குறித்தால் வெளியே யாருக்கும் காட்டமாட்டார்கள். வாங்கி விற்கிறதாக இருந்தால், யாரிடம் வாங்குகிறார் என்று சொன்னால் போதும், அவரைப் பிடித்து மேலே போய்க்கொள்வார்கள்.

யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? செய்கிறவன் என்று எழுதினால், உள்ளே என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வாங்கி விற்கிறவன் என்று எழுதினால், வாழ்நாள் பூராவும் மைக் பிடித்துச் சொன்னது பொய். எழுதாமலே விட்டால், உலகம்மையின் கால்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினார். ராஜையன் ரப்பர் ஷீட்டுக்கும் மர ஆலைக்கும் சரக்குப் போடுகிற பெரிய கை. இரண்டு பேரும் ஒரே காலத்தில் டின் தூக்கினவர்கள். போனதும் ஏத்தம்பழ அப்பமும் பால் விடாத கட்டன்சாயாவும் வந்தது. பகவதிப்பெருமாள் ஊர் நிலவரம், மழை, பிள்ளைகள் என்று எல்லாம் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார், அந்த வெள்ளைப் பீப்பாய்ச் சரக்கு எந்தக் கம்பெனி, பெயர் என்ன என்று.

ராஜையன் அப்பத்தைக் கடித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். “வே, இத்தன வருசத்துல கேக்காத கேள்வி. நேரா கம்பெனிக்குப் போகப் பாக்கீரா?”

அதற்கு இல்லை என்று பகவதிப்பெருமாள் சத்தியம் பண்ணினார். வீட்டுக்காரிக்குக் கால் சரியில்லை என்று சொன்னார். ராஜையனுக்கு முகம் மாறியது. உலகம்மை கையால் சாப்பிட்டவர் அவர். ஆனாலும் அவரால் ஆனது ஒன்றுமில்லை. கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஏஜென்ட் அனுப்புகிறான், அவன் பீப்பாயைச் சுரண்டித்தான் அனுப்புகிறான். கேட்டால் ‘நல்ல சரக்கு’ என்பான், அதற்குமேல் கேட்டால் அடுத்த லோடு வராது என்றார்.

“நீரு ஒரு தடவையாவது அவன்கிட்ட அழுத்திக் கேட்டிருக்கலாம்லா” என்றார் பகவதிப்பெருமாள்.

“நீரு லேபிள உரிச்சா வியாபாரம், அவன் உரிச்சா குத்தமாவே?” என்றார் ராஜையன். சொல்லிவிட்டு, இன்னொரு அப்பத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பகவதிப்பெருமாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தார். காலையில் கிளம்பும்போது அந்தச் சரக்கில் நனைத்து, ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்ரோல் மாதிரி ஒரு மெல்லிய வாடை. பெட்ரோல் கிடையாது. மண்ணெண்ணெய் கிடையாது. ஊரையே மோந்து வாங்கின மூக்கு, சொந்த வீட்டுச் சரக்குக்குப் பெயர் சொல்லவில்லை. பாறசாலை தாண்டுவதற்குள் கைக்குட்டை காய்ந்து, வாடையும் போய்விட்டது.

இனிமேல் அவளை அந்த அறைக்குள் விடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு வந்தார். அது அவர் நினைத்த மாதிரி லேசாக இல்லை. வேலைக்கு ஆள் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆள் வைத்தால் கூட்டு ஒரு மாதத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விடும் என்றாள் உலகம்மை. உடம்பு சரியாகும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றார். விழிஞ்ஞத்து ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், பெயர் கெட்டுப்போகும் என்றாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். அவளிடம் இன்னொரு சாவி இருந்தது. அவரே கொடுத்ததுதான், வேறு யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லி. அவள் அவரை ஏமாற்றவில்லை. அவர் கட்டின கோட்டைக்குக் காவல் நிற்கிறாள். கோட்டைக்குள்ளே அவர்தான் மாட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது பின்னறையில் பாட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உலகம்மை பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். விரல் பிடிக்காததால் மூடியைப் பல்லால் கடித்துத் திருகுகிறாள்.

பகவதிப்பெருமாள் போய் ஜன்னல் இடுக்கில் இருந்த சேலைத்துணியைப் பிடுங்கினார். கொண்டி துருப்பிடித்து இறுகியிருந்தது. கொட்டாங்கச்சியால் தட்டித் திறந்தார். வெளிச்சம் வந்து பீப்பாயின் மேல் விழுந்தது. உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்து வைத்து வந்து, ஜன்னலைச் சாத்தினாள்.

“என்ன பண்ணுதீங்க? வாடை போவுதுல்லா.”

“போட்டும்.”

அவர் திறந்தார். அவள் சாத்தினாள். மறுபடியும் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். வயசான காலத்தில் இரண்டு பேரும் ஒரு ஜன்னலுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றதை மேலவீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டுன்னு ஒண்ணும் கிடையாதுட்டி” என்றார் பகவதிப்பெருமாள். “ராஜையன்கிட்ட வாங்குதேன். ஊத்தி விக்கேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. அதுதான் ஒன் காலைத் திங்குதுன்னு தோணுது.”

உலகம்மை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. வெளியே துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ராஜையண்ணனுக்குத் தெரியும், என்னா?”

“அவன்தானே தாறான்.”

“அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது” என்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. திரும்பி, சுவரைப் பிடித்து நடந்து, அடுக்களைக்குப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். பேசவில்லை. அவள் ஏசியிருந்தால் அவர் பதிலுக்கு ஏசியிருப்பார். அவருக்குத் தெரிந்த வித்தை அதுதான். பேசாத ஆளிடம் என்ன செய்கிறது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையானாலும் திவ்யலட்சுமிக்குப் போன் போட்டார். தனக்கே தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. நிறையப் பேரில் ஒருத்தராக அவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவள் வந்து, கண்ணாடிப் புட்டியில் சரக்கை எடுத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பரிசோதனைக்குக் கொண்டுபோனாள்.

முடிவு வந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டாள். உமாசங்கரும் லீவு போட்டிருந்தான். பாதிக்கு மேல் ஹெக்சேன் என்று ஒரு சாமான், அதிலும் நார்மல் ஹெக்சேன் என்கிற வகை என்றாள். எண்ணெய் ஆலைகளில் பிண்ணாக்கிலிருந்து எண்ணெய் பிரிக்கப் பயன்படுகிறதுதான். அங்கே மூடின குழாய்க்குள் ஓடும். ஜன்னல் சாத்தின அறையில் மூச்சிலும் தோலிலும் வருஷக்கணக்காகப் போனால் நரம்பைக் கெடுக்கும். உமாசங்கர் அப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரிடம் அவனே போனில் பெயரைச் சொன்னான். சொன்னதுதான் தாமதம், டாக்டர் ஹரிகுமார் மற்ற டெஸ்டுகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார். இனி அதன் பக்கமே போகக்கூடாது, நிறுத்தினபிறகும் சில மாதம் இன்னும் மோசமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம், அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பெயர் முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை.

திவ்யலட்சுமி லேப்டாப்பைத் திறந்தாள். “மாமா, இப்போ எழுதிக்கலாமா? செய்யறவாளா, வாங்கி விக்கறவாளா?”

உலகம்மை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகவதிப்பெருமாள் அவளைப் பார்க்காமல், “வாங்கி விக்கவன்” என்றார். யாரிடம் என்று கேட்டதற்கு ராஜையன் பெயரைச் சொன்னார். சொல்லும்போது ராஜையன் தன் தட்டில் வைத்த அப்பம் ஞாபகம் வந்தது. இது ராஜையனுக்குப் போய், அவர் ஏஜென்ட்டைக் காட்டிக்கொடுத்து, அந்த ஏஜென்ட் யாரையோ காட்டி, எங்கேயோ ஒரு லேபிள் உரிக்காத பீப்பாயில் போய் முட்டும். அதுவரை ஒவ்வொருத்தனும் அடுத்தவனுக்குத் துரோகிதான்.

எந்த வேலைக்குப் போகிறது, யார் கையில் போகிறது என்றும் கேட்டாள். அச்சாபீஸ், லிஃப்ட், படகு இன்ஜின் என்று பொதுவாகச் சொன்னார். அப்போதுதான் உலகம்மை வாயைத் திறந்தாள், இத்தனை நாளைக்கு அப்புறம். சாலைக் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிற கடையை விட்டுவிட்டீர்கள் என்றாள். தம்பானூரில் தையல் மிஷின் சரிபார்க்கிற ஐயப்பனை விட்டுவிட்டீர்கள் என்றாள். வீட்டு வாசலில் வந்து பாட்டில் வாங்கிப் போனவர்கள் எல்லாரும் அவளுக்கு முகம் முகமாகத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல திவ்யலட்சுமி தட்டிக்கொண்டே இருந்தாள். முடிகிற வழியாக இல்லை. பகவதிப்பெருமாளுக்கு நெஞ்சுக்குள்ளே யாரோ ஈரச்சாக்கைப் போர்த்தின மாதிரி இருந்தது. இத்தனை பேரா? தன் பெயர் இத்தனை பேர் கையில் இருக்கிறது என்றுதானே இவ்வளவு நாளும் மார் தட்டினார்.

இதை எழுதினால் நாளைக்கே விற்கத் தடை போடுவார்களா என்று உமாசங்கர் கேட்டான். நாளைக்கே ஒன்றும் ஆகாது என்றாள் அவள். இப்படிப் பல ஊரிலிருந்து சேர்ந்தபிறகு, இது துடைக்கிற வேலைக்கு இவ்வளவு போகிறது, அந்த வேலைக்கு இது வேண்டாம், இல்லாவிட்டால் இந்த அளவுக்கு மேல் கூடாது, டின்னில் பெயர் போட்டே தீர வேண்டும் என்று ஒரு நாள் விதி வரலாம். வருஷங்கள் ஆகலாம். எண்ணிக்கையே தெரியாமல் விதி எழுத முடியாது, அதற்குத்தான் இந்தப் பாடு என்றாள்.

“அதுவரைக்கும்?” என்றார் பகவதிப்பெருமாள்.

பீப்பாய்களைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, தீப்பிடிக்கிற சாமான், அதற்கென்று உள்ளவர்கள் வந்து எடுக்கிறவரை காற்றோட்டமாகப் பூட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். விற்கவும் முடியாது, ஊற்றவும் முடியாது, வீட்டை விட்டு அனுப்பவும் முடியாது. அவர் வாழ்க்கையைக் கட்டினதெல்லாம் பின்பக்கம் வரிசையாக நின்றது.

டாக்டர் சொன்னபடியே உலகம்மைக்கு இன்னும் மோசமாயிற்று. கழிப்பறைக்குப் போகவும் உமாசங்கர் சுவரில் கம்பி அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நிறுத்தினபிறகும் மோசமாகிறதே என்று அவள் கேட்கவில்லை. பகவதிப்பெருமாள்தான் தினமும் காலையில் அவள் உள்ளங்காலை விரலால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். பேச்சு அவ்வளவுதான்.

அப்படி ஒரு காலையில் போன் அடித்தது. விழிஞ்ஞத்து அஜீஷ்.

“அண்ணாச்சி, கட பூட்டிக் கிடக்குது. பத்து பாட்டில் சங்கு வேணும். இன்ஜின் ரெண்டெண்ணம் கழட்டி இட்டிருக்கு.”

சரக்கு இருக்கிறது, தரமாட்டேன் என்றார் பகவதிப்பெருமாள். விலை கூட்டிக் கேட்கிறார் என்று அஜீஷ் நினைத்துக்கொண்டான். கூட்டியே தருகிறேன் என்றான். விலை இல்லை, அது ஆளைக் கெடுக்கிற சரக்கு, இனி தொடாதே, கையில் இருக்கிறதையும் தூரப் பூட்டி வை என்றார். அஜீஷ் சிரித்தான். சொந்தச் சரக்கைக் குறை சொல்கிற வியாபாரியை அவன் முதல் தடவை பார்க்கிறான்.

பகவதிப்பெருமாள் உலகம்மையின் காலைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே கேட்டார். “லே அஜீஷே, ஒன் காலு எப்படி இருக்கு? எறும்பு ஊருதாப்ல இருக்கா?”

சிரிப்பு நின்றது.

“அண்ணாச்சிக்கு எங்ஙன தெரியும்?” என்றான். “வீட்டில கூட நான் பறஞ்சில்ல.”

உலகம்மை புருஷன் கையிலிருந்து போனை வாங்கப் பார்த்தாள்; விரல் பிடிக்கவில்லை. மறுபடியும் அவர் காதுக்கே தள்ளிவிட்டாள்.

“பேரைச் சொல்லுங்க” என்றாள். “அவன் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லணும்லா.”

அவர் சொன்னார். நாக்கு புரளவில்லை; பாதியில் விழுங்கினார். அஜீஷுக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை கேட்டான். உலகம்மை கட்டிலில் முன்னால் சாய்ந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டே, எழுத்து எழுத்தாக எடுத்துக் கொடுத்தாள். அவர் பின்னாலேயே சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொல்லுகிற மாதிரி.